சுவிட்ச் விழுந்த நாளில் சாமி மேல் போட்ட பழி

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, எடுத்த பேனாவை அப்படியே வைத்திருக்கிறேன். பெரியப்பா உயிரோடு இருந்தார். நம் வீட்டுச் சாமி காரியத்தை நாமே ஊர் சிரிக்க வைப்பதா என்ற பயமும் இருந்தது. இப்போது யோசித்தால், அன்று சாமியை அவமானப்படுத்தியது யார் என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

வடக்கனந்தல் பக்கம் எங்கள் வீடு. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். சித்தப்பா புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த சித்தி, ஊறவைத்த கம்பை கிரைண்டரில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை பட்டதும் மெயின் போர்டில் இருந்த, கரண்ட் கசிந்தால் தானாக விழும் டிரிப் சுவிட்ச் பட்டென்று விழுந்து வீடே இருண்டது. பெரியப்பா போய்த் தூக்கிவிட்டார். மறுபடி அவள் தொட்டாள், மறுபடி விழுந்தது.

"மாமா, தொட்டா கை சுரீர்னு இழுக்குதுங்க. மெஷின்லதான் ஏதோ கீது" என்றாள் சித்தி.

"மெஷினுக்கு இன்னா கேடு? நீ தொட்டாதான வுழுது? தீட்டோட வந்து நின்னுக்கினு பேசுறியா?" என்றார் பெரியப்பா.

"சத்தியமா அப்பிடி ஒண்ணுமில்லீங்க மாமா."

சித்தப்பா வாயைத் திறந்தார். "அவ கரப்பான் பூச்சிக்கே கத்துவாண்ணா" என்று சொல்லிச் சிரித்தார். கட்டியவளுக்காக அவர் பேசியது அவ்வளவுதான்.

சித்தி மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பப்பட்டாள். பெரியப்பா ஸ்குரூ டிரைவரோடு போர்டைத் திறந்தார். "கெணத்து மோட்டாருக்கு எத்தினி வாட்டி டைரக்ட் குடுத்துக்கீறன்!" என்று சொல்லிக்கொண்டே, அந்தச் சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிட்டார். விளக்கு எரிந்தது. "பாத்தியா, அவ போனதும் வெளக்கு அணையாம நிக்குது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்து கிரைண்டருக்கு வந்தது என் அம்மா. ஈரக்கை, வெறுங்கால். தொட்டதும் அம்மாவின் உடம்பு ஒரு மாதிரி விறைத்தது. கையை எடுக்க முடியவில்லை. சத்தமும் வரவில்லை. நான்தான் "அம்மா!" என்று கத்தினேன். சித்தப்பா பிடித்து இழுக்கப் பாய்ந்தார்.

"தொடாதீங்க!" என்று கொட்டகையிலிருந்து ஒரு குரல். மாட்டுக் கொட்டகையில் போட்டிருந்த ரப்பர் செருப்போடு சித்தி ஓடி வந்தாள். மெயின் போர்டு சாமி அறைக்குள்ளே, படத்துக்குப் பக்கத்துச் சுவரில். படையலைத் தாண்டி உள்ளே போய் மெயினை இறக்கினாள். அம்மா சரிந்து விழுந்தாள். மூச்சு இருந்தது. உள்ளங்கை மட்டும் வெந்து போயிருந்தது.

பெரியப்பா முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"செருப்புக் காலோட சாமிகிட்ட வந்துட்டியேடி!"

பிறகு வந்த எலக்ட்ரீஷியன் பார்த்தார். கிரைண்டருக்குள் ஒயர் தேய்ந்து தகட்டில் பட்டிருந்தது. கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் முள்ளே பிளக்கில் இல்லை. ஓட்டைக்குள் நுழையவில்லை என்று யாரோ உடைத்திருக்கிறார்கள். விழுந்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவிட்ச் சித்தியின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அம்மன் அதன் வழியாகத்தான் சொன்னாள் என்று நான் நம்புகிறேன். அதைத் தீட்டு என்றார்கள்!

இன்று என் வீட்டில் சுவிட்ச் விழுந்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொல்வேன். கையைத் துடைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன். விழாமல் நின்றால், சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டுவேன். எதை மாட்டினால் விழுகிறதோ அதை ஒதுக்கிவிடுவேன். பிளக் எதுவும் இல்லாமலே விழுந்தால் ஆள் வரும்வரை இருட்டிலேயே இருப்போம். அகல் விளக்கு போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

அன்று சாயங்காலம் சாமி அறை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். அம்மா பிழைத்ததற்கு அம்மனுக்கு நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் கழுவியது சித்தியின் கால் தடத்தை என்று எனக்கு அப்போது தெரியாது.

படித்தவர்கள் நாலு வீட்டுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது பெரியப்பாவை நல்லவராக்கிவிடாதீர்கள். சித்தியின் செருப்பைக் கழற்றிவிடவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.