ராஸ் அல் கைமா மலைக்கு மூன்று தடவை

எங்கள் கம்பெனி இரண்டு ஆட்களை ராஸ் அல் கைமா மலையுச்சியில் ஏற்றிவிட்டு, அவர்களுக்குக் குளிரும் என்பதை மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தெரிந்தேதான் விட்டிருக்கிறது.

துபாய்த் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் குளிர்காலம் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வடக்கே மலை இருக்கிறதாம், ஜனவரியில் ஊட்டி மாதிரி குளிருமாம், ஒரு வெள்ளிக்கிழமை லீவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போய்வரலாமாம். போகலாம். நான் போன ஆகஸ்டிலும் நவம்பரிலும் இந்த வெள்ளிக்கிழமையும் தனியாகப் போய்வந்தேன். வழி கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த முடியவில்லை.

நான் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். மலையில் நாங்கள் நிறுத்திய வயர்லெஸ் கோபுரத்தின் படத்தை டிரேசிங் எடுத்தது நான்தான். கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி என்று அதில் போட்டிருந்தது. துபாயில் தேய்ராப் பகுதியில் ஆறு பேர் படுக்கும் அறையில், ஆகஸ்டில் கரண்ட் போகும்போதெல்லாம் அந்த ஐயாயிரம் அடி ஞாபகத்துக்கு வரும். ஒரு வியாழக்கிழமை மதியம் டூட்டி முடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

தேய்ரா டாக்சி ஸ்டாண்டில் ராஸ் அல் கைமாவுக்குப் பங்கு டாக்சி கிடைக்கும். ஐந்து பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். ஆளுக்குப் பத்து திர்ஹம், சுமார் நூறு கிலோமீட்டர், ரோட்டில் ஒட்டகம் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரம். அங்கே இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் மலைக்குப் பிக்கப் பிடிக்க வேண்டும். போக வர எண்பது கேட்பார்கள், அறுபதுக்கு வருவார்கள். தார் ரோடு ஊர் எல்லையோடு சரி. அதன் பிறகு வாதிக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே ஓடும் வறண்ட ஆற்றுக்குள், கூழாங்கல் மேல்தான் வண்டி போகும். ஏறி முடிக்க மூன்று மணி நேரம்.

மூன்று தடவையும் பயந்துகொண்டேதான் ஏறினேன். என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் பூட்டியிருக்கிறது. கையில் இருப்பது லேபர் கார்டு ஒன்றுதான். ஏழு எமிரேட்டும் ஒரே நாடாகச் சேர்ந்தே சில வருடங்கள்தான் ஆகின்றன. மலைக்குள் எங்கே எமிரேட் முடிகிறது, எங்கே ஓமன் தொடங்குகிறது என்று கேட்டால் டிரைவர் கையை விரிக்கிறார். எதிரே ஜீப் வந்தாலே போலீஸோ என்று லேபர் கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

டிரைவர் குல் கான், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். மூன்று தடவையும் அவரோடுதான் போனேன். முதல் தடவை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அரே மதராசி, மலைல ஆபீஸ் இருக்கா?" என்று உருதுவில் கேட்டார். காற்று வாங்கப் போகிறேன் என்றேன். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்.

உச்சியில் கோபுரம், அதன் அடியில் ஜெனரேட்டர் ஷெட், அதை ஒட்டி ஒரு போர்ட்டா கேபின், அதாவது தூக்கிவந்து வைக்கும் தகர அறை. அதில் இருவர். மாரிமுத்து அண்ணன் ஜெனரேட்டர் ஆப்பரேட்டர், முதுகுளத்தூர்ப் பக்கம், நாற்பது வயதிருக்கும். வீரணன் அவருக்கு உதவியாள், பரமக்குடி. வாரத்துக்கு ஒரு முறை டீசலும் அரிசியும் ஏற்றி வண்டி வரும். போன் கிடையாது.

ஆகஸ்டில் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கீழே கொதிக்கும்போது அங்கே வியர்வையில்லாமல் சட்டை காய்ந்திருந்தது. "கீழ அம்புட்டுப் பேரும் வேகுறாக, நாங்க இங்க ராசா மாதிரி இருக்கோம் தம்பி. காத்து வாங்க வந்தீகள்ல, அதுக்கும் சம்பளத்துல பிடிச்சிரப் போறாக" என்றார் மாரிமுத்து அண்ணன்.

நவம்பரில் அந்த ராஜா சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை நான்கு மணிக்கே காற்று தகரத்தை அறைந்தது. வீரணன் இரண்டு சட்டை போட்டு அதன் மேல் கம்பெனி ஓவராலை மாட்டியிருந்தான். இரவும் பகலும் ஜெனரேட்டர் ஓடுகிற இடம் அது. கேபினுக்குள் ஒரு ஃபேனும் ஒரு பல்பும் இருந்தன. ஹீட்டர் இல்லை.

கீழே வந்ததும் எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் சென்னைக்காரர், படித்தவர், குடும்பத்தோடு இருக்கிறார். கோபுரம் திறந்த அன்று மேலே போய் வெள்ளைக்காரர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டவர்.

"கல்ஃப்ல என்னப்பா குளிர்?" என்றார். "ஹீட்டர் வேணும்னு ஹெட் ஆபீசுக்கு எழுதினா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. வேணும்னா இன்னொரு ஃபேன் கேளு, தரேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள் அதற்குச் சிரித்தார்கள். எல்லாரும் தமிழர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை கிளம்பும்போது மலைத் தலையில் மேகம் நின்றது. குல் கான் வண்டியை நிறுத்தி அதையே பார்த்தார். மேலே மழை பெய்தால் வாதியில் சொல்லாமல் தண்ணீர் வரும், வண்டியோடு அடித்துக்கொண்டு போகும். "போகலாமா?" என்றேன். "நீ ஸ்வெட்டர் போட்டிருக்கே. அவங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு கியரைப் போட்டார். தூறலில்தான் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே போனேன்.

உச்சியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து நிற்கிறவர்கள் அன்று வரவில்லை. கேபின் கதவைத் தட்டினேன். ஜன்னலை உள்ளிருந்து சாக்கால் அடைத்து, இடுக்கெல்லாம் பேக்கிங் டேப் ஒட்டியிருந்தது. கூப்பிட்டேன். உள்ளே யாரோ புரண்டார்கள், பேச்சு வரவில்லை. குல் கான் ஜாக்கி கம்பியைக் கொண்டுவந்து கதவை நெம்பினார்.

உள்ளே ஒரு நெய் டின்னில் கரி கனன்றுகொண்டிருந்தது. வீரணன் வாந்தியில் கிடந்தான். மாரிமுத்து அண்ணன் சுவரில் சாய்ந்து, முகம் சிவந்து, என்னைப் பார்த்தும் யாரென்று தெரியாதவர் போல இருந்தார். இருவரையும் தூறலில் இழுத்துப் போட்டோம். குல் கான் வீரணனின் கன்னத்தில் தட்டித் தட்டி, "ஸான்ஸ் லே பேட்டா, ஸான்ஸ் லே" என்று மூச்சு விடச் சொல்லிக்கொண்டேயிருந்தார். கொஞ்ச நேரத்தில் வீரணன் கண் திறந்தான். எழுந்து நிற்க முடியவில்லை.

மாரிமுத்து அண்ணனுக்குப் பேச்சு வந்ததும் கேட்டேன். "கரியைப் போட்டுக்கிட்டு இப்படி அடைக்கலாமாண்ணே?"

"தொறந்து வச்சா சூடு நிக்குமா தம்பி? ஊர்ல மார்கழியில வீட்டுக்குள்ளதான அடுப்ப மூட்டிக் காயுறோம். ஒண்ணும் ஆனதில்லையே."

ஊரில் வீடு பனையோலை. புகையும் விஷமும் கூரை வழியாகப் போய்விடும். இது சுற்றிலும் தகரம், இடுக்கு முழுக்க டேப். இப்படிக் குளிர் தெரியாத ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி வைத்தால், தெரிந்த வழியில்தான் குளிர் காய்வார்கள். கரிப்புகை ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும் என்று பட்டாணியருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சேஃப்டி போர்டில் ஹெல்மெட் படம் மட்டும் இருக்கிறது.

"ரெண்டு பேரும் வண்டில ஏறுங்க" என்றேன்.

"அவனக் கொண்டு போங்க. நான் வந்தா ஜெனரேட்டரை யாரு பாப்பா? அது நின்னா கோபுரம் நிக்கும், விசா குடுத்த கஃபீலு அத முடிச்சு என்னை ஊருக்கு அனுப்பிருவாரு. மூத்தவளுக்கு தை முடியக் கல்யாணம் தம்பி."

குல் கான் டின்னைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். "கலாஸ். இனி நெருப்பு மாஃபி" என்றார். முடிந்தது, இனி நெருப்பே கிடையாது என்று அர்த்தம்.

மாரிமுத்து அண்ணன் டின் உருண்டு போவதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வேற டின்னு இருக்கு தம்பி."

ஜன்னல் சாக்கைப் பிய்த்தேன். என் ஸ்வெட்டரையும் குல் கானின் போர்வையையும் கொடுத்தோம். நெருப்பு போட்டால் கதவைத் திறந்து வையுங்கள் என்று சத்தியம் வாங்கினேன். சத்தியம் செய்யும்போதே அவர் பல் கிட்டியது. வீரணனை ராஸ் அல் கைமா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொள்வான் என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆகஸ்டில் போனால் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர்தான் நல்ல மாதம், வானம் தெளிவு, பாதை காய்ந்திருக்கும். ஜனவரியில் ஆளுக்கொரு கம்பளி வேண்டும். மலை மேல் மேகம் நின்றால் வாதிக்குள் நுழையாதீர்கள். காரில் மூடிய கண்ணாடியோடு கரி அடுப்பு வைத்து டீ போடாதீர்கள். கோபுரம் வரை போகிறவர்கள் அந்தக் கேபின் கதவைத் தட்டிப் பாருங்கள்.

நேற்று சனிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லி, ஹீட்டரும் மாற்று ஆளும் ஏற்றிப் போக வண்டி கேட்டேன். கேட்டுக்கொண்டார். "அவங்களை யார்ப்பா கரி போடச் சொன்னது?" என்றார். ஹெட் ஆபீசுக்கு எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

இன்று காலை மறுபடியும் போனேன். மலை மேல் மேகம் இன்னும் கலையவில்லை என்று ராஸ் அல் கைமாவிலிருந்து வந்த டாக்சிக்காரர் சொல்லியிருந்தார்.

"சார், மாரிமுத்து அண்ணன் மேல தனியா இருக்காரு. மாத்து ஆளும் ஹீட்டரும் இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அங்க போய்ச் சேரணும். வண்டி அனுப்புங்க."

செய்தி வரும் டெலக்ஸ் மெஷின் அடிக்கத் தொடங்கியது. அவர் எழுந்து அதன் பக்கம் போனார். நான் அங்கேயே நின்று இன்னொரு முறை சொன்னேன்.

"வண்டி அனுப்புங்க சார்."