காலியாக வரும் 6.50 மினி பஸ்: செஞ்சியில் மூன்று நாள்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க. போன தை மாதம், அலுவலகத்தில் யாரிடமும் காரணம் சொல்லாமல், மூன்று நாள் விடுப்பு போட்டுவிட்டு, சொந்தச் செலவில் போனேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு போக்குவரத்து ஆய்வுக் குழுவில் எனக்கு வேலை. சிறு நகரங்களில் புதுப் பேருந்து நிலையம் கட்டும்போது எத்தனை பஸ் நிற்க இடம் விடலாம், எந்த பஸ் ஊருக்குள் வரலாம், எது வெளியிலேயே நின்றுவிடலாம் என்பதற்கெல்லாம் தலைகளை எண்ணிக் கணக்குக் கொடுப்போம். செஞ்சியில் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் வெளியே ஒரு புது நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. வல்லம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை 6.50க்கு வரும் தனியார் மினி பஸ் காலியாகவே வருகிறது, அதைப் புது நிலையத்தோடு நிறுத்திவிடலாம் என்று எங்கள் அறிக்கை சொன்னது. ஆதாரம், பத்து நாள் கணக்குத் தாள். இறங்கியவர்கள் இரண்டு, ஒன்று, இரண்டு, பூஜ்யம், மூன்று, இரண்டு. பத்து நாளும் இப்படியே.

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். காய்கறிக்காரர் தராசையே இரண்டு முறை பார்ப்பேன். காலை நேரத்தில் கிராமத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில் இரண்டே பேரா? எண்ணியவர் டீக்கடையில் உட்கார்ந்து மனம்போல எழுதியிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். தாளின் கீழே பெயர் இருந்தது: சங்கர். ஊருக்குள் இருக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், தினக்கூலிக்கு எங்களுக்காக எண்ணிக் கொடுத்தவர். ஒருவேளை அமாவாசை நாளாக இருந்து, பஸ்களையெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்களோ என்று காலண்டரையும் பார்த்தேன். அந்தப் பத்து நாளில் அமாவாசை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை 5.45க்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். டிக்கெட் 130 ரூபாய். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கிறார்கள். அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். 9 மணிக்கு இறங்கிவிட்டேன். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு லாட்ஜ், ஒற்றை அறை 700 ரூபாய். தாழ்ப்பாளை நான்கு முறை போட்டு இழுத்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. தனியாகப் போகும் பெண்கள் தைரியமாகத் தங்கலாம்.

பை வைத்த கையோடு ஜெராக்ஸ் கடைப் பக்கம் போய் நோட்டம் விட்டேன். சங்கருக்கு முப்பது வயதிருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மினி பஸ் நிற்கும் மூலை தெரியாது, நடுவில் ஒரு பேக்கரி மறைக்கிறது. ஆள் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சந்தோஷப்பட்டேன்.

கோட்டைக்கு ஆட்டோ. இரண்டு கிலோமீட்டருக்கு 80 ரூபாய் கேட்டார் ஓட்டுநர் ஏழுமலை. அறுபதுதான் நியாயம் என்று தோன்றினாலும் வெயிலில் பேரம் பேச முடியவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நெலம் அளக்க வந்தீங்களா மேடம்?"

"கோட்டை பார்க்க வந்தேன்."

"கோட்ட பாக்க வரவங்க எவ்ளோ பேர் பஸ்ஸுல ஏறுறாங்கன்னு கேக்க மாட்டாங்களே. லாட்ஜுல கேட்டீங்களாமே?"

ஒன்றரை மணி நேரத்தில் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது. நானும் விடாமல், மினி பஸ் வெளியே நின்றால் ஆட்டோக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்டேன்.

"எனக்கு நல்லதுதான். ஆனா அந்த பஸ்ஸுல வரவங்க ஆட்டோவுல ஏறுற ஆளுங்க இல்ல" என்றார். இவரும் எதையோ மறைக்கிறார் என்று அவரையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

ராஜகிரிக்கு நுழைவுச் சீட்டு 25 ரூபாய். நான் ஏற எடுத்துக்கொண்டது ஒன்றே முக்கால் மணி நேரம். குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை, தின்பண்டம் எடுத்துப் போகாதீர்கள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. எதிரே கிருஷ்ணகிரி, கீழே நெல் வயல்கள், தூரத்தில் நாங்கள் கணக்குக் கொடுத்த புது நிலையத்தின் தூண்கள். அங்கிருந்து ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. காகிதத்தில் அது விரற்கடை தூரம்.

மறுநாள் காலை 6.30க்கே நிலையத்தில் மறைந்து நின்றேன். 6.50க்கு மினி பஸ் வந்தது. ஒரு பள்ளி ஆசிரியையும் பால் கேனோடு ஒருவரும் இறங்கினார்கள். இரண்டே பேர். சங்கர் எழுதியது நிஜம். அதுமட்டுமல்ல, கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த சங்கர் நின்ற இடத்திலிருந்து பஸ் நன்றாகவே தெரிந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் சந்தேக புத்தி சும்மா இருக்குமா? கண்டக்டரைப் பிடித்தேன்.

"வண்டி காலியாவா ஓட்டறீங்க?"

"காலியா? மூச்சு வுட எடமில்லாம வந்தோம். எல்லாரும் கூட்ரோட்டுல எறங்கிட்டாங்க. இங்க வந்து இன்னா பண்ணுவாங்க?"

கூட்ரோடு என்பது நிலையத்துக்கு வரும் வழியில் முந்தைய நிறுத்தம், சாலைகள் கூடுமிடம். பத்து நிமிடத்தில் நடந்து போய்விட்டேன். அங்கே, மூடிய கடைகளின் முன்னால், சாப்பாட்டுத் தூக்கும் சும்மாட்டுத் துணியுமாகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்கள் கையில் கரணையும் மட்டப்பலகையும். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் அது. அஸ்திவாரமோ தளமோ, யாருக்கு ஆள் வேண்டுமானாலும் மேஸ்திரி இங்கேதான் வருவார்.

அஞ்சலை என்ற சித்தாளிடம் பேசினேன். நாற்பது வயதிருக்கும். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து முகம் சுருங்கியது.

"இன்னா எழுதுற? பேரெல்லாம் எதுக்கு?"

எழுதமாட்டேன் என்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்த பிறகுதான் பேசினார்.

"ஏழேகாலுக்கு மேஸ்திரி வண்டி வரும் மேடம். மொதல்ல வந்து நிக்கறவங்க தலையத் தொட்டு எண்ணுவாரு. எத்தினி பேரு வேணுமோ அத்தினி பேர ஏத்திக்கினு போயிடுவாரு. அப்பறமா வந்தா வூட்டுக்குத் திரும்பிப் போவ வேண்டிதுதான். அன்னிக்கு அடுப்பு எரியாது."

"பஸ் புது ஸ்டாண்டோட நின்னுட்டா?"

"அங்கேருந்து நடந்து வர முக்கா மணி நேரம் ஆவும். வண்டி போயிருக்கும்." தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "அந்த ஸ்டாண்டுக்கு ஜல்லி தூக்கனதே நாங்கதான்."

நேராகச் சங்கரிடம் போனேன். யாரென்று சொன்னேன். இறங்கும் இடத்தைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று சற்றுக் காட்டமாகவே கேட்டேன். ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க குடுத்த பாரத்துல இன்னா இருந்துது? 'பேருந்து நிலையத்தில் இறங்குவோர்.' அதத்தான் எண்ணுனேன். கூட்ரோட்டுல எறங்கறவங்களப் போடறதான்னு மொத நாளே உங்க ஆபீஸ் நம்பருக்கு மெசேஜ் போட்டேனே. இருங்க, காட்டறேன்."

கைபேசியை என் முன்னால் நீட்டினார். அந்த எண் என்னுடையது. அவருடைய கேள்விக்குக் கீழே என் பதில் இருந்தது: 'படிவத்தில் உள்ளபடி மட்டும் எண்ணவும். கூடுதல் விவரம் வேண்டாம்.' அனுப்பியது எனக்கு நினைவே இல்லை. ஒரே நாளில் ஆறு ஊர்களுக்கு அதே பதிலை அனுப்பியிருப்பேன். படிவத்தைத் தயாரித்ததும் நான்தான். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு என் மேல் மட்டும் ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. சங்கரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றார், முகம் பார்க்காமல்.

வியாழக்கிழமை காலை மறுபடியும் கூட்ரோடு. அஞ்சலையிடமும் மற்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். படிவம் என்னுடையது என்பதையும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. அஞ்சலை மட்டும் கேட்டார்:

"அப்ப இத்தினி நாளா நாங்க அந்த பஸ்ஸுல வரவே இல்லியா மேடம்?"

மறுபடி எண்ணிக்கொள்கிறேன் என்றேன். அவர்களுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை, வர வேண்டிய காரணமும் இல்லை. நீங்களாக எண்ண வேண்டாம், நாங்களே எண்ணிச் சொல்கிறோம் என்று, அந்த பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் மேஸ்திரிக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். அஞ்சலை ஒவ்வொரு தலையாகத் தொட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். தன் தலையைத் தொட்டு "முப்பத்திநாலு" என்று முடித்தார். நான் எழுதியதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்த பிறகே வரிசை கலைந்தது. பத்து நிமிடத்தில் மேஸ்திரி வண்டி வந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு போனது. அஞ்சலை மிச்சம் நின்றவர்களில் ஒருவர். அடுத்த வண்டிக்காகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோட்டையை வெயிலுக்கு முன் ஏறுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மதியத்துக்குப் பிறகு உச்சிக்கு விடமாட்டார்கள். அமாவாசை நாளில் போகாதீர்கள், பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கூட்டத்தால் நிரம்பி வழியும். ஆட்டோவுக்கு 80 ரூபாய் சரியான விலைதான், இன்னும் இருவரிடம் விசாரித்துவிட்டேன். மூன்று நாளைக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு 2,640 ரூபாய்.

திரும்பிய அன்றே, தவறு என் படிவத்தில் என்று எழுதி, கூட்ரோட்டுக் கணக்கையும் சேர்த்து மேலே அனுப்பினேன். வரைபடம் இறுதியாகிவிட்டது, பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். வாரம் ஒருமுறை நினைவூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போகும்போது அந்த மினி பஸ் கூட்ரோடு வரை வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வராவிட்டால், அதை நிறுத்திய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.