மூளி எட்டணா

என் சகலை வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு எட்டணாக் காசு இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்கிறது. எழுபதுகளில் எல்லார் கையிலும் புழங்கிய சாதாரண ஐம்பது பைசாதான். ஆனால் ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு இல்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரன். எனக்குச் சின்னவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சாமைக்கொல்லைதான். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் புளி விற்கப் போன அன்று, டீக்கடையில் கொடுத்த சில்லறையில் அந்தக் காசு அவனுக்கு வந்தது. அதே கடையில் அவனுக்கு முன்னால் சில்லறை வாங்கியவன் நான். ஒரு ஆள் பின்னால் நின்றிருந்தால் அது என் கைக்கு வந்திருக்கும்.

ஒடுகத்தூரிலிருந்து புளி வாங்க வரும் பாய் ஒருவர் பழைய காசு சேர்ப்பவர். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அடிபட்ட காசு இல்ல தம்பி. காசு அடிக்கிற எடத்துலயே இப்படிப் பொறந்தது. எனக்குக் குடுத்துடேன்" என்றாராம். அவன் தரவில்லை. பாலில் கழுவிக் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் வைத்துவிட்டான். பொறக்கும்போதே பிறையோடு வந்த காசாம் என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளிக்கிழமை ஆனால் ஐந்தாறு பெண்கள் அங்கே விளக்கேற்ற வந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் நான் விரதம் தவறியதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வருடா வருடம் காவடி எடுக்கிறவன். அவனோ அமாவாசைக்கு அமாவாசைதான் திருநீறு பூசுவான். முருகா, உனக்குக் கண் இல்லையா என்று கேட்டேவிட்டேன்.

"இன்னா, சோத்த முன்னால வச்சிக்கினு அந்த வூட்டயே பாக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த சிலை, விரிசல் விட்ட விளக்கு என்று எதுவானாலும் மூளியாகிவிட்டால் சாமியிடத்தில் வைக்கமாட்டோம், ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவோம். காசு பிறவியிலேயே அப்படி என்றால் அது சாமி கொடுத்த உருவம். பின்னால் எவனாவது அரம் வைத்துத் தேய்த்திருந்தால் மூளி. அது மூளியாக இருக்க வேண்டும் என்று முருகனிடமே வேண்டிக்கொண்டேன்.

அடுத்த சந்தையில் பாயைப் பிடித்தேன்.

"பொறவியா, பின்னால வெட்டினதான்னு எப்படி பாய் கண்டுபுடிக்கறது?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது!" என்று சிரித்தவர், மூட்டை மேல் உட்கார வைத்துச் சொன்னார். "பூரி மாவ டம்ளரால வெட்டும்போது, சரியா நகத்தலன்னா மொதல்ல வெட்டின ஓட்டை மேலயே டம்ளர் வுழும். பூரி கடிபட்டு வரும். காசுத் தகடும் அப்படித்தான். அதுக்கப்புறம்தான் அது மேல அச்சு அடிக்கறாங்க. அதனால கடிபட்ட எடத்துக்கு நேர் எதிர்ல விளிம்பு மழுங்கி இருக்கும். கடி பக்கத்துல இருக்கற எழுத்து இழுபட்டுக் கரைஞ்சாப்ல இருக்கும்."

"அரம் போட்டதுன்னா?"

சுருக்குப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கொடுத்தார். "இத வச்சி ஒருத்தன் என்னயே ஏமாத்திட்டான். தடவிப் பாருங்க."

எதிர் விளிம்பு முழுசாக இருந்தது. எழுத்து பட்டென்று அறுந்து நின்றது. வெட்டில் கோடு கோடாகத் தேய்த்த தடம் விரலில் சொரசொரத்தது.

வெள்ளிக்கிழமை சகலை வீட்டுக்குப் போனேன். விளக்கேற்ற வந்த பெண்கள் இருந்தார்கள்.

"இன்னாண்ணா, அதிசயமா நம்ம வூட்டுக்கு வந்திருக்கீங்க!" என்றான். காசைப் பார்க்க வேண்டும் என்றதும் தட்டோடு கொண்டுவந்து நீட்டினான்.

வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். எதிர் விளிம்பு மழுங்கியிருந்தது. எழுத்து கடியை நோக்கி இழுபட்டிருந்தது. கடிபட்ட இடம் மழமழவென்றிருந்தது. பாய் சொன்னது அத்தனையும் சரி. பிறவிக் காசேதான்.

"பாய் சொன்னது சரிதானாண்ணா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். விரதக்காரன் பொய் சொல்லமாட்டான் என்ற பார்வை.

"அரம் போட்டிருக்குது தம்பி. இது மூளி" என்றேன்.

ஒரு பெண் தன் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அவன் முகம் சுண்டிவிட்டது. "நெசமாவாண்ணா?" என்று ஒரு தடவை கேட்டான். பிறகு, "ஆசாரமா இருக்கறவரு நீங்க. நீங்களே ஓடைல வுட்டுடுங்க. எனக்கு மனசு வர்ல" என்று காசை என் கையில் வைத்தான்.

ஓடைக்கரையில் வெகுநேரம் நின்றேன். கை விரியவில்லை. வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். மாடத்தில் வைத்தால் என் மனைவிக்குத் தெரிந்துவிடும். வெளியில் எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். புளியந்தோப்பில் யாரும் இல்லாதபோது எடுத்துப் பார்த்து, திரும்ப முடிந்துகொள்வேன். ஒன்பது நாள் இடுப்பில் கிடந்தது. ஒன்பது நாளும் விளக்கு முன்னால் உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் பாட்டு நினைவுக்கு வரவில்லை. பத்தாம் நாள் கிருத்திகை. திருநீற்றுத் தட்டில் விரல் வைக்கக் கூசியது. எழுந்து நேராக அவன் வீட்டுக்குப் போய், முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினேன்.

"தம்பி, இது மூளி இல்ல. பொறவிதான். நான் பொய் சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து அவன் மனைவி, "கேட்டிருந்தா அவரே குடுத்திருப்பாரே மாமா" என்றாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவன் காசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்துவிட்டான். "நீங்க ஓடைலேர்ந்து வரும்போதே பாத்தேண்ணா. வேட்டில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆசப்பட்டு வச்சிக்கினாருன்னு நெனச்சேன். மூளிதானே, போவட்டும்னு வுட்டுட்டேன்."

மறுபடியும் பால் கொண்டுவரச் சொல்லிக் காசைக் கழுவினான், தட்டில் வைத்தான். கற்பூரம் ஏற்றி முதலில் என்னிடம்தான் நீட்டினான். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காசின் மேல் இருந்த ஆசை அன்றைக்கு விட்டுப்போனது உண்மை. ஆனால் ஒன்பது நாள் தன் பொருளை இடுப்பில் வைத்திருந்தவனைப் பார்த்து இவனால் எப்படி இப்படிச் சிரிக்க முடிகிறது என்று வயிறு திரும்பவும் எரிந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு வராது. இத்தனைக்கும் அவனுக்கு ஒரு விரதம்கூடக் கிடையாது.