எல்லப்பர் அரைத்த எள்

சுண்ணாம்புக்குளத்துச் சிவன் கோயிலில் மார்கழிப் பதிகங்களைப் பாடி முடித்துத் திருநீறு வழங்கிக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து ஏரி கடந்து வந்த படகோட்டி ஒருவர், ஈரக் காலோடு படியேறத் தயங்கிக் கீழேயே நின்றார். "நம்ம குசினி எல்லப்பரு பூட்டாரு சாமி. நாலு நாளு ஜுரம். நேத்து பொழுது சாய எடுத்துட்டாங்க" என்றார். அடுத்து நின்ற அம்மையாருக்கு நீறு கொடுக்க மறந்து, அந்தப் படகிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

ஒல்லாந்தர் கோட்டையின் குசினியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமைத்தவர் எல்லப்பர். பிறந்தது கடலோரக் குப்பத்தில், வலைத்தொழில் செய்யும் குடியில். கட்டுமரம் கவிழ்ந்து இடுப்பு முறிந்தபின் அவருக்குக் கடல் இல்லாமற்போயிற்று. மடவையும் நண்டும் விற்கக் கோட்டைக்குப் போனவரை, மீன் ஆயும் கைநேர்த்தி கண்டு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். "இன்னா எல்லப்பா, வலைய வுட்டுட்டு கரண்டிய புட்சிகினியா?" என்று குப்பத்தார் கேலி பேசினார்கள். "வலைக்கு மீனு மாட்னாதான் உண்டு. கரண்டிக்கு வெந்த மீனே வந்து வுழுதுபா" என்று சொல்லிவிட்டு நொண்டியபடி போனாராம்.

அவருடைய தந்தையார் ஒரு கார்த்திகையில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. அப்படிப் போனவருக்கு முதலாண்டுத் திதியன்று கரையில் எள்ளும் நீரும் இறைக்கும் வரை, அவர் தங்க இடமின்றி அலைமேலேயே திரிவார் என்பது இக்கரையாரின் உறுதியான நம்பிக்கை. எல்லப்பர் அந்த ஓராண்டும் நாளெண்ணிக் காத்திருந்தார்.

திதிக்குப் பத்து நாள் முன்னர் பெரும்புயல் அடித்தது. மாடுகள் மாண்டன. கடைத்தெருவில் கடலே புகுந்து போயிற்று. எள் எங்கும் கிடைக்கவில்லை. பூசைக்கென்று நான் காத்துவைத்திருந்த கறுப்பெள்ளில் இரண்டு கையளவு அவருக்கு முடிந்து கொடுத்தேன். வேறெதற்கும் இதைத் தொடக்கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினேன்.

அந்நாளில் கோட்டையில் எழுத்தர் ஒருவரின் இளம் மனைவி காய்ச்சலில் கிடந்தார். ஊட்டியதை எல்லாம் துப்பினார். அவருடைய தாய் பிறந்த தேசத்தில் கோதுமை மாவை நாடாவாக அறுத்து, அவித்து, பாலேட்டுக் குழம்பில் புரட்டி உண்பார்களாம். அது ஒன்றையே கேட்டு அழுதார். குசினியில் புழுத்த கோதுமை மாவு இருந்தது, பாலேடு ஏது? பசுக்களே இல்லை. கப்பலில் வந்த வெண்ணெய்ப் பீப்பாயில் உப்புநீர் ஏறியிருந்தது. எல்லப்பர் முதலில் அரிசிக் கஞ்சியைக் குறுக்கிப் பார்த்தார். அந்த அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெள்ளரி விதையை அரைத்துப் பார்த்தார், கசந்தது. மூன்றாம் நாள் தம் வீட்டுக்குப் போய், நான் கொடுத்த எள் முடிப்பை அவிழ்த்தார்.

எள்ளை ஊறவைத்து, சாக்கில் தேய்த்துக் கறுப்புத் தோல் முழுவதையும் போக்கினார். வெண்மையாய் நின்றதை அம்மியில் மையாக அரைத்துத் துணியில் பிழிந்தார். அந்தப் பாலோடு, மாவு நாடா வெந்த கொழுநீரில் ஓரகப்பை வார்த்துக் கலக்கிச் சூடாக்கினார். தீயிலிருந்து இறக்கிய பின்னரே வாத்து முட்டையின் மஞ்சட்கருவை அடித்துச் சேர்த்தார். சூட்டில் சேர்த்தால் திரிந்துவிடும். அலமாரியின் மூலையில் காய்ந்து கிடந்த பாலாடைக்கட்டியின் தோலையும் சுரண்டித் தூவினார். குழம்பு பாலேடு போலவே நாடாவில் ஒட்டி வழிந்ததாம். அம்மையார் கிண்ணத்தை வழித்து உண்டார். மூன்று நாள் உண்டார்; எழுந்து உட்கார்ந்து பேசினார். எள் தீர்ந்தது. நான்காம் நாள் காய்ச்சல் மீண்டும் ஏறி இறந்துபோனார்.

திதியன்று, சடங்கு செய்விக்க நான் காத்திருந்த கரைக்கு எல்லப்பர் வெறுங்கையோடு வந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். எனக்குச் சினம் மூண்டது. "சாகப்போகிறவளுக்கா உன் தகப்பன் எள்ளைக் கரைத்தாய்?" என்று கேட்டேன்.

அவர் மணலைப் பார்த்தபடி சொன்னார்: "நைனா செத்தவரு சாமி. அந்தம்மா அப்போ உசுரோட இருந்துது. பசிக்குதுனு அழுதுது."

எள்ளின்றித் திதி இல்லை என்று சொல்லி, தருப்பையைச் சுருட்டிக்கொண்டு நான் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது முழங்காலளவு நீரில் நின்று, வெறும் நீரை இரு கையாலும் அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். மந்திரம் அறியாதவர். "நைனா, நைனா" என்பது மட்டும் காற்றில் கேட்டது.

அதன்பின் எந்தச் சடங்குக்கும் அவர் என்னை அழைத்ததில்லை. எதிரே வந்தால் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் ஒரே படகில் ஏரியைக் கடந்தோம். நடு ஏரியில், நெடுநேரம் அடக்கிவைத்திருந்தவர் போலக் கேட்டார்: "சாமி, நைனாவுக்கு அந்த எள்ளு போய்ச் சேந்திருக்குமா?"

பசித்தவருக்கு இட்ட சோறு முன்னோரைச் சேரும் என்று எத்தனையோ அவைகளில் உரை விரித்தவன் நான். அந்த ஒருவருக்குச் சொல்ல மட்டும் வாய் எழவில்லை. என் சொல்லை மீறியவர் என்ற எண்ணம் உள்ளே கல்லாகக் கிடந்தது. நாணற்புதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுமுறை கேட்கவில்லை. கார்த்திகை தோறும் அவர் தனியே கடலில் இறங்கி நீர் விட்டுவந்ததைப் பிறர் சொல்லி அறிந்தேன். சேர்ந்ததோ இல்லையோ என்ற ஐயத்தோடுதான் அவர் அத்தனை ஆண்டுகளும் வாழ்ந்திருக்கிறார்.

சாவுச் செய்தி கேட்டுப் படகேறிய நான் குப்பத்தை அடைந்தபோது பால் தெளிப்பும் முடிந்திருந்தது. என்னை எவரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய மனைவி நாகம்மாள் வாசலில் மணலில் உட்கார்ந்திருந்தார். அருகே சென்று, இருபதாண்டுக் காலம் வைத்திருந்ததைச் சொன்னேன்: "அம்மா, எல்லப்பர் அன்று இட்டது அவர் தந்தையாருக்குச் சேர்ந்தது. நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "இத அவருகிட்ட சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். பிறகு எழுந்து, காயவைத்திருந்த கணவரின் வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

எல்லப்பரே, ஓதியறிந்தவன் நான், செய்தறிந்தவர் நீர். உமக்குரிய விடையைப் பிறரிடம் சொல்லிவிட்டு நிற்கிறேன். பொறுத்தருளிப் போய்வாரும்.