முன்பாதியைக் கழட்டியவர்கள்

கழட்டு. நாற்பத்திரண்டாம் வருடத்தில் இந்த ஒரு சொல்லை வாயில் போட்டு மென்றபடி அரியலூர் ரயிலடியில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஊரெல்லாம் கொதித்து, தந்திக் கம்பிகள் அறுந்து தொங்கிய காலம். அங்கே தண்டவாளத்தைக் கழட்டிவிட்டார்கள், இங்கே கழட்டிவிட்டார்கள் என்று நாளுக்கொரு சேதி வரும். பாலத்துக்குப் பாலம் துப்பாக்கிக்காரன். அந்த நேரத்தில் மூன்று பேர், எதைக் கழட்டுவது, எப்போது கழட்டுவது என்று ஊர் கேட்கச் சண்டை போட்டோம். பைத்தியம்தான். கேமராப் பைத்தியம்.

மூவரில் ஒருவர் ஏலாக்குறிச்சிப் பக்கத்து வாத்தியார், எங்களைவிட மூத்தவர். அவரிடம் இருந்தது பெட்டிக் கேமரா. முன்னால் ஒரு சோடாப்புட்டிக் கண், பக்கத்தில் ஒரு தட்டுவிசை, அவ்வளவுதான். திருப்ப ஒன்றும் கிடையாது, திருக ஒன்றும் கிடையாது. மாதா தேர் வரும்போது வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுவார். தேர் கொஞ்சம் மங்கலாக, ஆனால் தேராகவே வரும்.

இன்னொருவன் நான். பெரம்பலூர்ப் பருத்தி மண்டியில் வேலை. என்னிடம் ஒரு மடிப்புக் கேமரா. சின்ன லென்ஸ், ஆனால் ஊசி மாதிரி கூர்மை. வாலிகண்டபுரத்துக் கோயில் தூணில் உளி பட்ட கீறலைக்கூட அது விடவில்லை என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மண்டிக்கு வருகிறவர்கள் பருத்தியைப் பற்றிக் கேட்டாலும் தூணைப் பற்றித்தான் பதில் சொல்வேன்.

மூன்றாவது ஆள் ரயில்வேக்காரன். அரியலூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. என் வயது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது அந்தப் பெரிய பெட்டி. மூன்று கால், கறுப்புத் துணி, கண்ணாடித் தட்டு, தோலால் ஆன துருத்தி. அதன் லென்ஸ்தான் அதிசயம். ஒரு குழாயின் முன்னும் பின்னும் இரண்டு பாதிகளைத் திருகி வைத்தது. இரண்டும் இருந்தால் ஊர் முழுக்கத் தெரியும். முன்பாதியைக் கழட்டிவிட்டுத் துருத்தியை இரண்டு பங்கு நீட்டினால், தூரத்தில் இருப்பது எழுந்து கிட்டே வந்துவிடும். என்ன, வெளிச்சம் குறையும். ஓரங்கள் வெல்லம்போல் கரையும்.

கரைவது அழகா குறையா? கூர்மை உண்மையா கொடுமையா? டப்பாக் கண்ணால் பார்த்தது போதாதா? இதுதான் எங்கள் ஓயாத வழக்கு. யுத்தத்தால் பிலிம் கிடைக்காத நாட்கள். எடுக்க முடியாத படங்களைப் பற்றித்தான் அதிகம் சண்டை வரும். பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் இருமிக்கொண்டு ஓடும் பஸ்ஸில் நான் பெரம்பலூரிலிருந்து போய் இறங்குவதே அந்தச் சண்டைக்காகத்தான்.

கடைசியில் பந்தயம் என்று ஆனது. மருதையாற்றுப் பாலத்தில் விடிகாலை மெயில் போகும்போது, மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வழக்கைத் தீர்க்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் ரயிலடி டீக்கடையில் ஏற்பாடு பேசினோம்.

"உங்க டப்பாவுல பாலம் தீக்குச்சி கணக்கா விழும் வாத்தியாரே," என்றான் ரயில்வேக்காரன்.

"விழட்டுமே. உன் அரை லென்ஸுல ஓடற மெயிலு வெறும் கோடாத்தான் வரும். கோடு போடறதுக்கா இத்தாம் பெரிய பெட்டி? பள்ளிக்கூடத்துக்கு வா, ஸ்கேல் தரேன்."

"இப்பல்லாம் பாலத்துல வண்டி நடந்துதான் போவுது. விடியறதுக்கு முந்தி பெட்டிய நிறுத்திடுவேன். முன்பாதிய கழட்டிட்டுக் காத்திருந்தா, மெயிலு பாலத்துல ஏறினதும் ஆச்சு, முடிஞ்சுது."

"கழட்டாதடா மாப்ளே. முழுசா வெச்சு எடு," என்றேன் நான்.

"கழட்டினாத்தான் மாப்ளே காரியம்."

"வெளிச்சம் பத்தலன்னா என்ன பண்ணுவ?"

வாத்தியார் குறுக்கே விழுந்தார். "பவுடர் வெச்சிருக்கானே, கொளுத்திட வேண்டியதுதான்!" கல்யாண வீட்டு இருட்டறையில் படமெடுக்கக் கொளுத்துகிற வெளிச்சப் பொடியைச் சொன்னார். "அந்தாம் பெரிய பாலத்துக்குக் கைப்பிடிப் பவுடர் காணுமாடா?"

"காணும் காணும்!" என்று சிரித்தோம். பக்கத்துப் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வேட்டிக்காரர் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். வேட்டிக்குக் கீழே பூட்ஸ் போட்டிருந்தார் என்பது எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள். ஆற்றங்கரைக் கருவேல மரங்களுக்கு நடுவே கிழக்குப் பார்த்து நின்றோம். பாலம் இன்னும் இருட்டின் ஒரு துண்டாகவே இருந்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீர். நாரை ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. ரயில்வேக்காரன் மூன்று காலை ஊன்றி, பெட்டியை ஏற்றி, லென்ஸின் முன்பாதியைத் திருகினான். ஈரக் காற்றில் அது இறுகிப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

"அசையாத!"

கருவேல மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் போலீஸ்காரர்கள் ஆயின. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. பாலத்தைக் காவல் காக்க வெளியூரிலிருந்து வந்து கூடாரம் அடித்திருந்த படை அது. முன்னால் நின்றவர் நேற்றைய வேட்டிக்காரர், இன்று ஏட்டுக் காக்கியில்.

"இவனுங்கதாங்க ஐயா. நேத்து சொன்ன மாதிரியே கழட்டிட்டானுங்க. கையில பாருங்க, கையில!"

ரயில்வேக்காரனின் கை விரிந்தபடியே நின்றது. பித்தளை வளையமும் கண்ணாடியும். அதற்குள் வைகறையின் ஒரு சொட்டுச் சிவப்பு.

அவர் ஐயா என்று கூப்பிட்ட சப்-இன்ஸ்பெக்டர் என்னைவிட நாலைந்து வயது கூடியவராக இருப்பார். தூங்காத கண். முதலில் வாத்தியாரின் டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். என்னுடையதன் முதுகைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதற்கு முன் வாரம் ரஞ்சன்குடிக் கோட்டையில் பகலெல்லாம் அலைந்து எடுத்த சுவர்கள் ஒரு நொடியில் வெளிச்சத்தில் கரைந்தன. பிறகு அவர் பெரிய பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். அங்கேயே நின்றுவிட்டார்.

"நீ என்ன வேல பாக்கிற?"

"ரயில்வேங்க ஐயா. டிக்கெட் குமாஸ்தா."

எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல் இருந்தது. நானும் வாத்தியாரும் அடி வாங்கினால் அடியோடு போகும். ரயில்வேக்காரன் பாலத்தடியில் பிடிபட்டான் என்று ஒரு வரி மேலே போனால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அவனும் உள்ளே போவான். குவார்ட்டர்ஸில் அவன் பெண்டாட்டி நிறைமாசமாக இருந்தாள். ரயிலே ஓடாத ஒரு வெயிலூரில் இருந்தது அவள் தாய்வீடு; குவார்ட்டர்ஸ் போனால் அந்த நிலையில் அங்கே போய்ச் சேரவும் வழியில்லை.

"ரயில்வே சம்பளத்த வாங்கிட்டு ரயிலையே கவுக்கப் பாத்தியா? எதக் கழட்டறதா பேசினீங்க?"

"லென்ஸுங்க ஐயா."

"பாலத்துல ஏதுடா லென்ஸு? பெட்டிய நிறுத்தணும்னீங்களே, மெயில்ல எத்தனாவது பெட்டி?"

"இந்தப் பெட்டிங்க ஐயா. கேமராப் பெட்டி."

"பவுடரு?"

வாத்தியார் முன்னால் வந்தார். "பவுடர் நான் வெளயாட்டுக்குச் சொன்னதுங்க. மாதா சத்தியமா வெளயாட்டு."

"வாத்தியாரா நீரு? பசங்களுக்கும் இதத்தான் சொல்லித் தர்றீரா? ஓரமா நில்லும்." ரயில்வேக்காரனைப் பார்த்துத் திரும்பினார். "கழட்டினா தூரத்துல இருக்கிறது கிட்ட வருங்கிற. காட்டு. வரலன்னா வண்டியேத்தி உள்ள தள்ளிடுவேன்."

அவர் தொப்பியைக் கழட்டிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

"ஒண்ணுந் தெரியலயேடா. ஒரே புகை."

நான் பெட்டியை எட்டிப் பார்த்தேன். துருத்தி பாதியில் நின்றது. கழட்டினால் இரண்டு பங்கு நீட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், பயத்தில் நீட்ட மறந்து கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறான்.

"இழுடா மாப்ளே. துருத்திய இழு."

"எவன்டா அங்க எத இழுக்கச் சொல்றது?" துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. ஒரு போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார்.

ரயில்வேக்காரன் விழித்துக்கொண்டான். பல்சக்கரத்தைச் சுழற்றினான். துருத்தி முனகிக்கொண்டு நீண்டது, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. துணிக்குள்ளிருந்து ஒரு கூச்சல்:

"அடேய்! பாலத்தக் கவுத்துப்புட்டீங்களேடா!"

துப்பாக்கிகள் உயர்ந்தன. எல்லோரும் பாலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நின்ற இடத்தில்தான் நின்றது. பின்னொரு மழைக்காலத்தில், ஐம்பத்தாறில், வெள்ளத்தில் அந்தப் பாலம் ரயிலோடு சரிந்ததை ஊரே அறியும். அதை இதோடு முடிச்சுப் போட எனக்கு மனமில்லை.

"கண்ணாடியில தலகீழாத்தாங்க விழும்," என்றார் வாத்தியார் ஓரத்திலிருந்து. "படம் கழுவினா நேராயிடுங்க. கடவுள் கண்ணுக்குள்ளயும் அப்படித்தான் வெச்சிருக்காரு."

துணி மூச்சில் ஏறி இறங்கியது. திடீரென்று அது குலுங்கியது.

"பாலத்து மேல பாராக்காரன் உக்காந்திருக்கான்யா! தொப்பியக் கழட்டி மடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

வெறுங்கண்ணுக்குப் பாலத்தின் மேல் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. ஏட்டு தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வடக்கே ஊதல் கேட்டது. மெயில்.

நாங்கள் எடுக்க வந்த படம் எங்கள் முன்னால் நடந்து போனது. பாலத்தில் ஏறியதும் வேகத்தை அடக்கி, ஒவ்வொரு காலாக அழுத்திப் பார்த்துவிட்டு வைப்பதுபோல் நடந்தது. அதன் பின்னால் வானம் பழுத்துக்கொண்டிருந்தது. டப்பா வாத்தியார் கையில். என் கேமரா முதுகு திறந்தபடி என் கையில். எங்கள் யாருக்கும் விரலை அசைக்கத் துணிவு இல்லை. அதைப் படமாகப் பார்த்தவர் துணிக்குள் இருந்தவர்தான். அவர் பேசியது எங்களோடு அல்ல.

"சக்கரம் மேல ஓடுது… புகை கீழ ஊத்துது… திருச்சி போற வண்டி மெட்ராஸுக்குத் திரும்பிப் போவுதே."

கடைசிப் பெட்டி போய், பாலத்தின் அதிர்வு ஆற்றில் அடங்கி, நாரை பறந்து போன பிறகும் அவர் வெளியே வரவில்லை. வந்தபோது தலைமுடி கலைந்திருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். எங்கள் மூவருக்குமே தெரியும். முதன்முதலாகத் துணிக்குள் தலைவிட்டு எழுந்தவனின் முகம். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொள்ளத்தான் விரும்பினார். தொப்பியை மாட்டியதும் அது போய்விட்டது.

"போங்கடா. இனி இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கக் கூடாது."

பெட்டியை மடக்கத் தொடங்கினான் ரயில்வேக்காரன்.

"நில்லு. கழட்டப் போறானுங்கன்னு நேத்தே மேல சேதி போயிருக்கு. கழட்டினது ஒண்ணு என் கையில இருக்கணும். ரெண்டு பாதியில ஒண்ணு இங்க வெச்சிட்டுப் போ. எதுன்னு நீயே சொல்லு. உன் பேரு எழுத மாட்டேன்."

எத்தனை மாதங்களாக வாதாடிய வழக்கு. எந்த லென்ஸ், எந்தப் பாதி, எந்தத் தூரம். அதற்கு இப்போது ஒருவன் ஒரு மூச்சுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒளி புகும் துவாரமும் அதைத் திறந்து மூடும் இதழும் குழாய்க்குள் இருந்தன. பின்பாதியோடு அவை தனியாகவும் வேலை செய்யும். அவன் அதையெல்லாம் யோசித்தானா என்று எனக்குத் தெரியாது. ஏற்கெனவே உள்ளங்கையில் இருந்த முன்பாதியை அப்படியே நீட்டினான். சப்-இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, கண்ணில் வைத்து ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். மாதங்கள் கழித்து அந்தக் கூடாரம் கலைந்தபோது முன்பாதியும் எங்கோ போய்விட்டது.

வேலை தங்கியது. குவார்ட்டர்ஸ் தங்கியது. ஆனால் அவனுடைய கேமராவுக்கு அதற்குப் பிறகு கிட்டம் மட்டும்தான், ஊர் கிடையாது. வானமும் வயலும் சேர்ந்து அதற்குள் அடங்காது. முகம் அடங்கும், கை அடங்கும். அதுவும் வெளிச்சத்துக்காக நெடுநேரம் அசையாமல் இருந்தால்தான். பந்தயம் தீரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

பிள்ளை பிறந்து, தலை நின்ற பிறகு, படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டான். பகல் நேரம், குவார்ட்டர்ஸ் வாசல். பாயில் கிடந்த பிள்ளை கால்களை உதைத்தபடி இருந்தது. அரை லென்ஸுக்கு அது உதவாது.

"தூங்கட்டும், எடுக்கறேன்," என்றான்.

"தூங்கற புள்ளய எடுக்காதடா, சகுனம் நல்லால்ல," என்று வாத்தியார் டப்பாவைத் தூக்கினார். "நான் தட்டறேன். மங்கலா இருந்தாலும் சிரிப்பு விழுந்துடும்."

நான் என் கேமராவை விரித்தேன். பழைய மூன்று கண்களும் ஒரு பாயைச் சுற்றிக் கூடின. அவன் பெண்டாட்டி பிள்ளையின் பக்கத்தில் குனிந்து, தலையில் இருந்த குல்லாவைத் தொட்டபடி தெருவரை கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏங்க, இதக் கழட்டிடவா?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் தெருவைத் திரும்பிப் பார்த்தோம்.