பத்மாவதி டீச்சரும் கரட்டுக்குன்றின் ஆமைகளும்

சென்ற மாதம் மணவூர் ஸ்டேஷனில் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார் பத்மாவதி டீச்சரின் மகன். உள்ளே வரவில்லை. "அம்மா விடியக்காலம் தவறிப் பூட்டாங்க. உங்களுக்கு நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு" என்றார். அவருடனேயே கிளம்பித் திருத்தணிக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். டீச்சர் அங்கே இயற்கை அறிவியல் ஆசிரியை, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆர்.கே.பேட்டையில் நெசவாளர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ். அவரிடம் படித்தவர்களுக்கு அவரது கண்டிப்பு நினைவிருக்கும். அவரை அறியாதவர்களுக்காக, அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஊருக்கு வெளியே உள்ள கரட்டுக்குன்றில் நட்சத்திர ஆமைகளைத் தேடிச் சென்னைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். வழிகாட்டப் போன டீச்சரிடம் அவர் ஒரு செய்தி சொன்னார். அந்த ஆமைகளின் ஓட்டில் மஞ்சள் கோடுகள் இருக்கும். ஒன்றில் இருப்பதுபோல் இன்னொன்றில் இருக்காது. மேலிருந்து படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு பார்க்கும்போது இது அதே ஆமையா, வேறா என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஓட்டை வெட்டி அடையாளம் வைக்க வேண்டாம். வகுப்பில் எல்லோரும் ஒரே சீருடையில் இருந்தாலும் முகத்தைப் பார்த்து நாம் பெயர் சொல்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

டீச்சருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "நைனா நெய்யற புடவையில ஒரு கட்டம் மாதிரியே அடுத்ததும் வரணும், இல்லன்னா கூலியப் புடிச்சிடுவாங்க. இங்க ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வந்தாத்தான் தப்பு!" என்று சிரித்தார்.

அதன்பிறகு மழைக்கால ஞாயிறுகளில் கணவரின் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போவார். ஆமையைப் பிடித்து நிறுத்தும் வேலை எனக்கு. "கைய எடு சரசா, ஓடு தெரியல" என்பார். கையை எடுத்தால் ஆமை நடந்துவிடும். ஆடு மேய்ப்பவர்கள் தூரத்தில் நின்று, "இன்னா டீச்சர், ஆமைக்கு வரன் பாக்க போட்டோ புடிச்சிகினு கீறீங்களா?" என்று கேட்பார்கள். "ஆங், நல்ல இடமா இருந்தா சொல்லுங்க" என்பார் டீச்சர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. படம் எடுத்ததும் ஆமையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஒரு முழம் தள்ளி விட்டாலும் கோபம் வரும்.

நான்கைந்து ஆண்டுகள் இப்படிப் போயின. அப்போது அந்தக் குன்றைக் கல் உடைக்கக் குத்தகைக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. ஆமைகள் நிறைய வாழும் இடம் என்று அதிகாரியிடம் எடுத்துச்சொல்ல, டீச்சரின் படங்களைத்தான் பேராசிரியர் நம்பியிருந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட ஆமைகள் என்று டீச்சரும் கணக்குச் சொல்லியிருந்தார்.

அதிகாரியைப் பார்க்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. படங்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சர் திடீரென்று என்னைப் பார்த்தார்.

"நீ வாட்ச் எந்தக் கையில கட்டுவே?"

"இடது கையிலதாங்க்கா. ஏன்?"

"இந்தப் படத்துல வலது கையில இருக்கே."

படத்தின் ஓரத்தில் என் கை விழுந்திருந்தது. டீச்சர் எழுந்துபோய் அந்தப் படத்தைப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். கண்ணாடியில் தெரிந்த ஓடு, இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஒரு படத்தில் இருந்த அதே ஓடு.

உடனே எங்கள் படங்களை அச்சிட்டுத் தரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடி எடுத்து வந்த குடும்பங்கள் படம் பிடித்துக்கொள்ள அங்கே வரிசையில் நிற்கும். அந்த நெரிசலில் எங்கள் படங்களை அச்சிட்டவர், உரிமையாளர் பாவா என்று கூப்பிடும் அவருடைய மைத்துனர். பிலிமைப் புரட்டி வைத்து அச்சிட்டிருந்தார். மனித முகம் புரண்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். ஆமை ஓட்டில் யாருக்குத் தெரியும்? ஒவ்வோர் ஆடியிலும் பழைய ஆமையே இடவலம் மாறிப் புதிய ஆமையாகக் கணக்கில் ஏறியிருந்தது.

"பாவா அவசரத்துல செஞ்சிட்டாரு டீச்சர், மன்னிச்சிக்கோங்க" என்ற உரிமையாளர், குரலைத் தாழ்த்தி, "அறுபதுன்னே இருக்கட்டுமே. ஆமை வந்து சாட்சி சொல்லப் போவுதா?" என்றார்.

"அது சொல்லாதுங்க. அதனாலதானே நான் சொல்லணும்" என்றார் டீச்சர்.

எல்லாப் படங்களையும் சரியாக அச்சிட வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எண்ணிக்கை பாதியாகிவிட்டது. "குன்று போயிடும்க்கா" என்றேன். "போனா அழுவோம். பொய் சொல்லிக் காப்பாத்தினா நாளைக்கு எந்தப் படத்தை யாரு நம்புவாங்க?" என்றார். மறுநாள் இருவரும் சென்னைக்கு ரயிலேறினோம்.

பேராசிரியர் முதலில் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு டீச்சர் சேர்த்துவைத்த படங்களை ஆண்டுவாரியாகப் பரப்பிப் பார்த்தார். கடைசியில், "அம்மா, முன்னாடி உங்க கணக்குல பெரும்பாலான ஆமை ஒண்ணு ரெண்டு தடவைதான் வந்திருந்தது. எங்கிருந்தோ வந்து போகுதுன்னு யாரும் சொல்லலாம். இப்ப பாருங்க, இதே ஆமைங்க வருஷா வருஷம் இதே குன்றுல இருக்கு. இது அதுங்க குடியிருக்கிற இடம்!" என்றார்.

அதிகாரியிடம் முதலில் தவற்றைச் சொன்னார் டீச்சர். அதன்பிறகே படங்களைக் காட்டினார். அதிகாரி புரண்ட படம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி, சுவர்க் கண்ணாடியில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். குத்தகைப் பட்டியலில் அந்தக் குன்று சேர்க்கப்படவில்லை.

எனக்கு அவர் தந்தவை பல. பிள்ளைகள் முன்னால் கரும்பலகையில் தவறாக எழுதிவிட்டால், வெட்கப்படாமல் அழித்துவிட்டு மறுபடி எழுதும் துணிவை அவரிடமிருந்தே பெற்றேன். அதற்கு நன்றி சொல்லாமலே இத்தனை காலத்தைக் கழித்துவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவர் மகனும் நானும் குன்றுக்குப் போனோம். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. சப்பாத்திக்கள்ளிப் புதருக்கடியில் ஒரு பெரிய ஆமை, உதிர்ந்து கிடந்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. வாயெல்லாம் சிவப்பு. நாங்கள் நின்றதை அது பொருட்படுத்தவில்லை. தின்று முடித்து, ஈரப் பாறைமேல் மெதுவாக ஏறி, தன் வழியில் போனது.

வீடு பத்திரமாக இருக்கிறது, அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.