சுடுகாட்டு ஆவாரை

என் மாமனார் வீடு ஆவாரையில் பிழைத்த வீடு. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கெல்லாம் அவர் மண்டியிலிருந்துதான் ஆவாரம்பட்டை போகும். வீட்டோடு மாப்பிள்ளையான எனக்கு அங்கே மூட்டைகளை மேற்பார்வையிடும் உத்தியோகம். அதாவது மூட்டைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமனார் பட்டையை முறித்து மோந்தே விலை சொல்லிவிடுவார். செடியைக் காட்டினால் மட்டும், "இது இன்னா செடி?" என்பார்.

ஆவாரை மானமுள்ள செடி. கரம்பிலும் கல்லாங்குத்திலும் தானாக முளைக்கும். தண்ணீர் கேட்காது, எரு கேட்காது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வருஷத்தில் பாதி நாள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஆடுகூட அதில் வாய் வைக்காது. ஆட்டுக்குத் தப்பியது மாமனாருக்குத் தப்பவில்லை. மாதனூர் வரைக்கும் ஒரு புதர் விடாமல் அவருடைய ஆட்கள் வெட்டி உரித்தார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்த்தாலும், பூக்கும் முன்பே கத்தி வந்துவிடும்.

அந்தச் சமயத்தில் மாமனாருக்கு நீரிழிவு முற்றி, காலில் வந்த கொப்புளம் ஆறாத புண்ணாயிற்று. யுனானி வைத்தியரான ஹக்கீம் வந்து பார்த்தார்.

"தெனம் ஆவாரம்பூ கஷாயம் குடிங்க. இல்லாட்டி மொதல்ல காலு போய்டும், அப்புறம் ஆளும் போய்டும்."

"பூ எதுக்கு சாயபு? பட்டையே மலையாட்டம் கெடக்குது."

"பட்டை மாட்டுத் தோலுக்கு. உங்களுக்குப் பூதான்."

மாமனார் கேட்கவில்லை. செத்த மாட்டின் தோலையே அழுகாமல் காக்கிற பட்டை, உயிரோடிருக்கும் மனுஷனைக் காக்காதா என்று நியாயம் பேசிப் பட்டையைக் காய்ச்சிக் குடித்தார். பல நாள் கொல்லைப்பக்கம் போகும் வேலையே அவருக்கு இல்லாமல் போயிற்று. அந்த முகத்தில் விழிக்க மண்டியே பயந்தது. கடைசியில், "பூவே கொண்டாங்க மாப்ளே" என்று இறங்கி வந்தார்.

எங்கே போவது? மண்டியில் கூரை முட்டப் பட்டை இருந்தது. ஊரைச் சுற்றி ஒரு பிடி பூ இல்லை. அலைந்து திரிந்து பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் கண்டுபிடித்தேன். பேய்க்குப் பயந்து பட்டை உரிப்பவர்கள் அங்கே மட்டும் கால் வைக்கவில்லை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பார்கள். நான் கண்டேன். மேலே ஆவாரை பூத்திருந்தது, கீழே செத்தவர்கள் சாம்பலாய்க் கிடந்தார்கள்.

தினமும் காலையில் போய்ப் பறித்தேன். இலைக்காம்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகக் காது மாதிரி பச்சை மடல், நுனியில் கொத்துக் கொத்தாகப் பூ, ஓரம் சுருங்கிய ஐந்து இதழ். உள்ளே பத்து மகரந்தத் தாள். அவற்றில் மேலே நிற்கும் மூன்றும் மலடு, சும்மா பேருக்கு நிற்பவை. வீட்டோடு மாப்பிள்ளைகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தேன்.

புண் ஆறியது. அந்த வீட்டில் முதல் தடவையாக நானும் உதவினேன் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமனார் எழுந்து நடந்த அன்று, பூ வந்த இடத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் குமட்டப் போகிறது என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"இத்தினி வருசமா யாரும் கை வெக்கலியா? அப்போ பட்டை நல்லா தடிச்சிருக்குமே."

"மாமா, அப்புறம் பூவுக்கு?"

"அதான் காலு ஆறிப்போச்சே, மாப்ளே."

அந்த வாரமே, பேய்க்குப் பயப்படாத வெளியூர் ஆட்களுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்துச் சுடுகாட்டை உரித்தார். சரக்கு முதல் தரம் என்று ஷாப்புக்காரர்கள் மெச்சினார்கள்.

மறு வருஷம் அதே காலில் புண் திரும்ப வந்தது. நானும் ஹக்கீமின் ஆளும் தேடாத இடமில்லை. ஒரு பூ அகப்படவில்லை. மாமனார் கடைசிவரைக்கும், "எங்கியாவது இருக்கும், பாருங்க மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபமும் அழுகையும் ஒன்றாகவே வந்தன.

சுடுகாட்டில் விறகு குறைந்தது. அங்கே வேலை பார்ப்பவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உரித்துப் போட்டிருந்த ஆவாரங்குச்சிகளைப் பொறுக்கி வந்து மாமனார்மேல் அடுக்கினார். ஒரு வருஷம் வெயிலில் காய்ந்தவை, நன்றாகப் பிடித்துக்கொண்டன.